100 கட்டைப் பாதை, ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய், நாலு நாள் கல்லின் மேல் படுத்து எழுந்து வருவதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? "வேலைவெட்டி இல்லாதவன்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் சுமந்து வந்த உடம்புக்கு ஓய்வு என்றால் பாயும் தலையணையும்தான். காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவது ஓய்வு என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

இருந்தாலும் வாசகர்களே, இந்த வேடிக்கையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தடித்த டயர் போட்ட சைக்கிளில் செம்பனைக் காட்டுப் பாதைகளில் ஓடுகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையே அவர்களில் ஒருவனாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் ஆயுளில் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிற ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள மோவாப் என்னும் ஊர்தான் அது. வேதாகமம் படித்தவர்களுக்குப் பெயர் புதிதல்ல. மாமியாரை விட்டுப் பிரியாத ரூத் பிறந்த நாட்டின் பெயரையே இந்த ஊருக்கும் வைத்தார்கள்.

பாலைவனம் என்றதும் ஒட்டகமும் மணற்குன்றும் கண்முன் வரும். மோவாப் அப்படியல்ல, அது கல் பாலைவனம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த பாறை. பாறையைப் பிளந்துகொண்டு ஓடும் பள்ளத்தாக்குகள். காற்றும் தண்ணீரும் குடைந்து செய்த கல் வளைவுகள். ஊரே கடல் மட்டத்துக்கு 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 9 அங்குல மழை. நம் நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 100 அங்குலம் பெய்கிறது. அவர்களுக்கு ஒரு வருடத்து மழை நமக்கு அடைமழைக் காலத்தில் ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. காலையில் மழை பிடித்தால் வெட்டுப் போய்விட்டதே, கூலி போய்விட்டதே என்று வாசலில் நின்று வானத்தைத் திட்டியவர்கள் நாம். வானம் பார்த்துத் தவிக்கிற அந்த மண்ணை நாம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

கோடையில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோகும். ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வருவது அங்கே சாதாரணம். ஆகவே சைக்கிள்காரர்கள் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள்.

சுரங்கம் போட்ட பாதை

இந்தக் காட்டுக்குள் பாதை எப்படி வந்தது? சைக்கிளுக்காக வந்ததல்ல. அணுகுண்டுக்காக வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசுக்கு யுரேனியம் தேவைப்பட்டது. கண்டுபிடித்துத் தருகிறவனுக்கு நல்ல விலை என்று அறிவித்தார்கள். சார்லி ஸ்டீன் என்ற மண்ணியல் படித்த மனிதர், மனைவி மக்களோடு தகரமும் தாருமாக ஒட்டுப்போட்ட குடிசையில் இருந்துகொண்டு மோவாப் பக்கத்தில் துளைபோட்டுத் தேடினார். கதிர்வீச்சை அளக்கும் கருவி வாங்கக் கையில் காசில்லை. 1952ஆம் ஆண்டு ஜூலையில் துளைக் கருவி உடைந்துபோனது. அதுவரை வெளியே வந்திருந்த கறுப்புக் கல்லில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வழியில் ஒரு பெட்ரோல் நிலையக்காரரிடம் அந்தக் கருவி இருந்தது. விளையாட்டாகக் கல்லைக் காட்டியபோது முள் எல்லையைத் தாண்டி ஓடியது! அன்றோடு மோவாபின் தலையெழுத்து மாறியது. பணம் தேடி வந்தவர்கள் கூட்டமாய்க் குவிந்தார்கள். மண் தோண்டப் போகிறவனுக்கு வழி வேண்டுமே என்று செங்குத்தான பாறை ஓரங்களிலெல்லாம் அரசாங்கமே பாதை வெட்டியது.

ஸ்டீன் கோடீஸ்வரராகி, 1968இல் திவாலும் ஆனார். அது வேறு கதை. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கதைதான் நம் மனத்தைத் தொடும். அந்த வட்டாரத்து யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்த பலர், அவர்களில் நவஹோ பழங்குடியினர் நிறையப் பேர், நுரையீரல் புற்றுநோய் கண்டு மாண்டார்கள். அவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க 1990இல்தான் சட்டம் வந்தது. மோவாபின் யுரேனிய ஆலை 1984இல் மூடப்பட்டது. அது ஆற்றங்கரையில் விட்டுப்போன கழிவு மண் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் டன். அதை ரயிலில் ஏற்றி 30 மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைக்கும் வேலை 2009இல்தான் தொடங்கியது.

வேலை போனதும் ஊர் வெறிச்சோடியது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், வீட்டு மனைக்காக விற்கப்பட்டபோதும் லயத்தைக் காலிசெய்து, தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் மோவாபுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் டமல்பாயஸ் என்ற மலையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து மலைச்சரிவில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் பந்தயம் 1976இல் நடந்தது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி அழுத்தி அதற்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீய்ந்துவிடும். கீழே வந்ததும் கழற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். 1981இல் மலைச் சைக்கிள் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்பனைக்கு வந்தது. 1983இல் மோவாபில் இரண்டு சகோதரர்கள் சைக்கிள் கடை ஒன்று திறந்தார்கள். சுரங்கத்துக்காகப் போட்ட பாதைகளெல்லாம் சும்மாதானே கிடந்தன! சைக்கிள்கள் அதில் ஏறின. இன்று ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊருக்குச் சோறு போடுவது சுற்றுலாதான்.

வழுக்காத வழுக்குப் பாறை

மோவாபில் மிகப் பெயர்போன தடம் ஊருக்கு மேலேயுள்ள பாறை மேட்டில் இருக்கிறது. ஸ்லிக்ராக், அதாவது வழுக்குப் பாறை, என்று பெயர். பத்தரைக் கட்டை நீளம். பாறையின் மேல் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 1969இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போட்ட கோடு அது. அந்தப் பாறை ஒரு காலத்தில் மணற்குன்றாக இருந்தது. 18 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணல் இறுகிக் கல்லாகிவிட்டது. அதனால்தான் மேடும் பள்ளமும் அலை அலையாக இருக்கிறது.

பெயர்தான் வழுக்குப் பாறை, சைக்கிள் வழுக்காது. இரும்பு லாடம் கட்டிய குதிரைகள் சறுக்கி விழுந்ததால் அந்தக் காலத்துக் குடியேறிகள் வைத்த பெயர் அது. ரப்பர் டயர் அதன் மேல் உப்புத்தாளைப் பிடித்தாற்போல் கவ்விக்கொள்ளும். சுவர்போல் நிற்கும் சரிவிலும் மூச்சைப் பிடித்து மிதித்தால் ஏறிவிடலாம்.

ரப்பர் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டீர்கள் அல்லவா? இன்னும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பாலைவனத்தில் சைக்கிள்காரனுக்குப் பெரிய விரோதி ஒரு முள். அங்கே ஆட்டுத்தலை முள் என்கிறார்கள். வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பெரியவர்களின் காலைப் பதம் பார்த்த அதே நெருஞ்சி முள்தான்! கப்பலேறியோ கம்பளியில் ஒட்டியோ, எப்படியோ அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. டயரில் ஏறினால் டியூப் போச்சு. ஆகவே இப்போது டியூபே இல்லாமல் டயருக்குள் ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றி ஓட்டுகிறார்கள். முள் குத்தினால் காற்று சீறும். காற்றோடு அந்தத் திரவமும் ஓட்டைக்கு ஓடி, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். இந்த வகைத் திரவங்களில் பலவற்றுக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? ரப்பர்ப் பால்! சிலவற்றில் உறையாமலிருக்க அமோனியாவும் கலக்கிறார்கள். பால் கொட்டகையில் மூக்கைத் துளைக்குமே, அதே அமோனியாதான். வெட்டுக் காயத்தில் மரம் தன்னைத் தானே அடைத்துக்கொள்வதை நாம் தினமும் பார்த்தோம். அந்த வேலையைத்தான் மோவாபிலும் செய்கிறது நம் பால். வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும்.

நாலு நாள் பயணம்

ஒரு நாள் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் பாதி ருசிதான் கண்டவர்கள். முழு ருசி வேண்டுமானால் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போக வேண்டும். 1964இல் ஏற்பட்ட பூங்கா அது. அங்கே ஒயிட் ரிம், அதாவது வெள்ளை விளிம்பு, என்று ஒரு பாதை இருக்கிறது. மேலே மேசைபோல் தட்டையான பீடபூமி; அதற்கு ஆயிரம் அடிக்கு மேல் கீழே ஒரு படிக்கட்டு போல வெள்ளைப் பாறை விளிம்பு. அந்த விளிம்பின் மேலேயே 100 கட்டை சுற்றி வருகிறது பாதை. அதுவும் யுரேனியம் தேடிப் போட்ட பாதைதான். பெரும்பாலோர் மூன்று, நாலு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். குறித்த இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம். நினைத்த இடத்தில் படுக்க முடியாது.

அந்த 100 கட்டையிலும் குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. ஒரு பக்கத்தில் கிரீன் ஆறு ஓடுகிறது. அதில் தண்ணீரைவிடச் சேறு அதிகம். தெளியவைத்து, வடிகட்டி, அப்புறம்தான் வாயில் வைக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று பூங்கா அதிகாரிகள் கணக்குச் சொல்கிறார்கள். நாலு பேர், நாலு நாள் என்றால் 64 லிட்டர். அதாவது 64 கிலோ. சோறு பொங்க, வண்டி வழியில் நின்றால் சமாளிக்க என்று அதற்கு மேலும் வேண்டும். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் வைத்து மேடு இறங்கியவர்களுக்கு 64 கிலோ என்றால் என்னவென்று தெரியும். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாறையில் ஏற முடியுமா? ஆகவே கூட்டத்தில் ஒருவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார். தண்ணீர் டிரம், சாப்பாடு, கூடாரம் எல்லாம் அதில். முறை வைத்து ஓட்டிக்கொள்வார்கள். யாருக்கு அன்றைக்கு முழங்கால் வலியோ அவர் ஜீப்பில்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நம் நாட்டில் வேர்த்தால் தெரியும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும், நெற்றியில் வழிந்து கண் எரியும். "போதும், நிழலில் உட்கார்" என்று உடம்பே சொல்லிவிடும். அந்தப் பாலைவனக் காற்று அவ்வளவு வறண்டது. வேர்வை தோலுக்கு வரும்போதே காய்ந்து போய்விடும். சட்டை நனையாது. வேர்க்கவே இல்லை என்று நினைத்து நீங்கள் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். தலைவலி வரும், குமட்டும், பேச்சு குழறும். அப்போது குடிக்க ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. உடம்பில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். உப்புச் சேர்ந்த தின்பண்டம் கூடவே வேண்டும். கஞ்சியும் உப்பு மீனும் எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போனவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

இரவில்

சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தரை. வறண்ட ஓடைப் படுகை படுக்கைக்கு மெத்தென்று இருக்கும். அங்கே ஒருபோதும் படுக்கக் கூடாது. தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியலாம். 20 மைலுக்கு அப்பால் எங்கோ மலையில் பெய்த மழை, பாறையில் ஊற இடமின்றி, இருட்டில் சுவர்போல் வந்துவிடும். ஆண்டுக்கு 9 அங்குலம் மட்டுமே பெய்கிற ஊரில் வெள்ளத்தில் சாவதா என்று கேட்பீர்கள். சாகிறார்கள்.

கூடாரத்து முளை கல்லில் இறங்காது, மணலில் நிற்காது. நாலு மூலையிலும் பெரிய கல்லை வைத்துக் கட்ட வேண்டும். கட்டாத கூடாரம் காற்றில் எழும்பி விளிம்பைத் தாண்டிப் போய்விட்டால், ஆயிரம் அடிக்குக் கீழே போய் எடுத்து வர ஆள் கிடையாது. சமையலுக்குக் கேஸ் அடுப்புதான். விறகு பொறுக்கி எரிக்கக் கூடாது. அந்த மண்ணில் ஒரு மரம் ஆள் உயரம் வளர்வதற்குள் இரண்டு மூன்று தலைமுறை போய்விடும். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தால் அண்டங்காக்கை வந்துவிடும். அந்த ஊர்க் காக்கைக்குப் பையின் ஜிப்பை இழுத்துத் திறக்கத் தெரியும்! காலையில் சப்பாத்தைப் போடும் முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், தேள் இருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், முகம் சுளிக்காதீர்கள். பாலைவனத்தில் பல இடங்களில் மலத்தையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் மண்ணில் விழுந்தது எதுவும் நாலு நாளில் மக்கிப்போகும். புழுவும் பூச்சியும் மழையும் பார்த்துக்கொள்ளும். அங்கே ஈரம் இல்லை. புதைத்தது அப்படியே கிடக்கும். 1990களின் தொடக்கத்தில் ஸ்லிக்ராக் மேட்டில் கூட்டம் பெருகி, கண்ட இடத்தில் கூடாரம் அடித்து, மரத்தை வெட்டி எரித்து, அசுத்தம் செய்து நாசமாக்கினார்கள். பிறகுதான் மாவட்ட நிர்வாகமும் மத்திய அரசின் நிலத் துறையும் சேர்ந்து, கட்டணம் வைத்து, தங்கும் இடங்களைக் குறித்து, கழிவறை கட்டி ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. அங்கேயும் இன்றுவரை குழாய்த் தண்ணீர் கிடையாது.

அடுப்பை அணைத்த பிறகு மேலே பாருங்கள். சுற்று வட்டாரத்தில் விளக்கே இல்லை. 2015 முதல் உலக அளவில் இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம் அது. தோட்டத்தில் மின்சாரம் வராத காலத்தில், பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தியதும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தோமே ஒரு வானம், அது நினைவிருக்கிறதா? அந்த வானத்தைப் பார்க்கத்தான் இன்று ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துப் போகிறார்கள்.

ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். சுற்றுலாவால் மோவாபில் வீட்டு வாடகை எகிறிவிட்டது. ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர், அறையைப் பெருக்குகிறவர், சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறவர் எனப் பலருக்கு ஊருக்குள் குடியிருக்க வழியில்லை. சிலர் வேனிலும் கூடாரத்திலும் படுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். ஒரே பாறையில் ஒருவன் ஆசைக்குக் கூடாரம் அடிக்கிறான். இன்னொருவன் வேறு கதியில்லாமல் அடிக்கிறான்.

கறுப்பு மண்

பாதையை விட்டு இறங்காதே என்று அங்கே எங்கு பார்த்தாலும் எழுதி வைத்திருப்பார்கள். காரணம் மண்ணின் மேல் தெரியும் கறுப்புப் பொருக்கு. பார்த்தால் தீய்ந்த தோசைபோல் சொரசொரவென்று இருக்கும். உண்மையில் அது உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நூல் நூலாகப் பின்னி மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. பாசியும் அதோடு சேர்ந்து வளர்கிறது. காற்று மணலை அள்ளிக்கொண்டு போகாமல் காப்பதும், பெய்த கொஞ்ச மழையைப் பிடித்து வைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குவதும் இதுதான். உர மூட்டை தூக்கிப் போட யாரும் இல்லாத காட்டில் இதுவே உரம். ஒரு காலடி பட்டால் நொறுங்கிவிடும். பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். காலடியாவது விட்டுவிட்டு விழும். சைக்கிள் டயரோ ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்து ஓடி வாய்க்காலாக அறுத்துவிடும். விளையாட்டுக்கு ஒருவன் ஐந்து நிமிடம் குறுக்கே ஓட்டிய தடத்தை அவனுடைய பேரன் வந்து பார்க்கலாம்.

சொல்லாமல் போனவர்

நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 2010இல் வந்தது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்த டேனி பாயில்தான் இதையும் எடுத்தார். இசைக்கும் பாட்டுக்குமாக ரஹ்மானின் பெயர் இரண்டு ஆஸ்கர் பரிசுகளுக்கு முன்மொழியப்பட்டது. அந்தப் படம் கட்டுக்கதை அல்ல. மோவாபுக்குத் தென்மேற்கே அந்தக் கல் பாலைவனத்தில் நடந்தது.

ஏரன் ரால்ஸ்டன் என்ற 27 வயது இளைஞர். என்ஜினியர் வேலையை விட்டுவிட்டு மலையேறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி இரவு ஹார்ஸ்ஷூ கேனியன் அருகே தன் வண்டியிலேயே படுத்து உறங்கினார். மறுநாள் சனிக்கிழமை. மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்பாதையில் வெகுதூரம் மிதித்தார். ஒரு மரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, புளூஜான் என்ற ஒடுக்கமான பாறைப் பிளவுக்குள் நடந்து இறங்கினார். அனுபவசாலிதான். கயிறு இருந்தது, கத்தி இருந்தது, படம் பிடிக்கும் கருவிகூட இருந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவில்லை. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல், பிடித்து இறங்கிய பாறை ஒன்று பெயர்ந்து உருண்டது. ஏறத்தாழ 360 கிலோ. வலது கையைப் பிளவின் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. கையில் ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு. கத்திப் பார்த்தார், கேட்க ஆளில்லை. கல்லைச் செதுக்கிப் பார்த்தார், கத்திதான் மழுங்கியது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார், பாறை அசையவில்லை. இரவில் குளிர் நடுக்கியது. தண்ணீர் தீர்ந்தது. தன் சிறுநீரையே குடித்தார். பெற்றோருக்கு விடை சொல்லிப் படம் பிடித்து வைத்தார். பிளவின் சுவரில் தன் பெயரையும் இறப்புத் தேதி என்று நினைத்ததையும் கீறி வைத்தார்.

பெரட்டுக்களத்தில் தினமும் பெயர் கூப்பிட்டபோது நமக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் யாருக்கு எந்த நிரை என்பது கங்காணிக்குத் தெரியும். பால் நிறுக்கும் நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் "பாம்பு கீம்பு தீண்டிவிட்டதோ" என்று அடுத்த நிரைக்காரி ஓடிப் பார்ப்பாள். ரால்ஸ்டனுக்கு நிரை தெரிந்தவர் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வராததால்தான் கூட வேலை செய்தவர்கள் கவலைப்பட்டார்கள். அவருடைய தாயார் போலீசுக்குச் சொல்லி, கிடைத்த துப்பையெல்லாம் பிடித்துக்கொண்டு விடாமல் தேடவைத்தார். அனாதையாக நின்ற வண்டியைப் பூங்காக் காவலர் கண்டுபிடித்தார். அதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது.

மே 1ஆம் தேதி, வியாழக்கிழமை காலை. நசுங்கிய கையை நெம்புகோலாக்கி உடம்பைச் சாய்த்து, முன்கை எலும்புகள் இரண்டையும் தானே முறித்தார். மழுங்கிய கத்தியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அறுத்து, கையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அதோடு முடியவில்லை. 65 அடிப் பாறைச் சுவரில் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து இறங்கினார். நண்பகல் வெயிலில் இரத்தம் சொட்டச் சொட்ட ஆறு மைல்போல் நடந்தார்.

எதிரே ஹாலந்து நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், ஒரு பையன். அவர்கள் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தேடிவந்த ஹெலிகாப்டர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு போனது. தாயார் தேடவைத்திருக்காவிட்டால் அந்த நேரத்தில் அங்கே ஹெலிகாப்டர் வந்திருக்காது.

பிழைத்த ரால்ஸ்டன் செயற்கைக் கையோடு மறுபடியும் மலை ஏறினார். படத்தின் கடைசியில் உண்மையான ரால்ஸ்டனையே திரையில் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் வெளியே கிளம்பினால், எங்கே போகிறேன் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறார் என்றும் அதில் போடுகிறார்கள்.